ஊமை மாஸ்டரின் பல் தடம்

அத்தியாயம் 7

"மணி மூணரை. அஞ்சு மணிக்கு இந்தக் கதவு திறக்கும். அதுக்குள்ள பொருள் கிடைக்கலேன்னா இவன் போலீஸ் ஜீப்புல ஏறுவான். நான் சொல்றது புரியுதா, இல்ல எழுதித் தரணுமா?"

"எழுதியே குடுத்துடுங்க மேடம்," என்றான் தாளம். "எனக்குக் காதால கேட்டா சட்டுனு பயம் வராது. படிச்சாத்தான் வரும்."

மிரட்டியவர், அன்று மாலை அருங்காட்சியகத்தில் திறக்கப்படவிருந்த கண்காட்சியின் நாயகரான ஜாஸ் மேதையின் ஒரே மகள். நாற்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட புடவை, கையில் தட்டச்சு செய்த புகார்க் கடிதம். அதன் கீழே காப்பாட்சியர் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது.

வக்கீலம்மா தாளத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவன் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது வழக்கம். பத்தாண்டுகளுக்கு முன்பே கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டவர் அவர். ஆனாலும் ஊருக்கு அவர் இன்னும் வக்கீலம்மாதான். தாளம் என்பதும் பட்டப்பெயரே. நட்சத்திர ஓட்டல் விருந்துகளில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவன், ஒரு முதலாளியின் வழுக்கைத் தலையில் தாளம் போட்டு வேலையை இழந்து, வக்கீலம்மாவிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். நாற்பது வயதாகியும் விரல்கள் அடங்கவில்லை.

"முதல்ல என்ன காணோம்னு சொல்லுங்க. அப்புறம் யாரை ஜீப்புல ஏத்தறதுன்னு பேசலாம்," என்றார் வக்கீலம்மா.

காப்பாட்சியர் முன்னால் வந்தார். ஒல்லியான மனிதர், ஒவ்வொரு சொல்லையும் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வைப்பவர்போலப் பேசினார்.

கூடத்தின் நடுவில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கரும்பச்சை வெல்வெட்டின்மீது மாஸ்டரின் சாக்ஸபோன் நின்றது. ஆனால், தலை இல்லாமல் நின்றது. வாயில் வைத்து ஊதும் கறுப்புத் துண்டு, மவுத்பீஸ் என்பார்களே, அது மட்டும் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராக, கண்ணாடியின் வெளிப்புறத்தில், சாப்பாட்டுத் தட்டளவு பூதக்கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை.

வக்கீலம்மா அட்டையை உரக்கப் படித்தார். "'ஐம்பதாவது பிறந்த நாளன்று குழுவினர் பரிசளித்த மவுத்பீஸ். கடைசிப் பத்தாண்டுகளின் ஒலிப்பதிவுகள் அனைத்தும் இதில் வாசிக்கப்பட்டவை. மேற்பரப்பில் மாஸ்டரின் மேல்வரிசைப் பற்கள் பதிந்த தடத்தைக் காண்க.'"

"அது நானே கண்டுபிடிச்சது," என்றார் காப்பாட்சியர். பெருமையை அவரால் மறைக்க இயலவில்லை. "சாக்ஸபோன் வாசிக்கிறவங்க மேல் பல்லை மவுத்பீஸ் மேல ஊன்றித்தான் ஊதுவாங்க. பத்து வருஷத்துல ரெண்டு குழி விழுந்திருக்கு. மனுஷர் போயிட்டார், அவர் பல் தடம் இருக்கு பாருங்க! அதுக்குத்தான் லென்ஸ் வெச்சேன். காலைல பத்து மணிக்கு வந்து பாக்கறேன், காணோம்."

"நேத்து கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மத்தியானம் மூணு மணிக்கு. எல்லாப் பெட்டியையும் பூட்டிப் படம் எடுத்தேன். பூட்டு உடையல. ரெண்டு சாவி. ஒண்ணு என் இரும்பு அலமாரியில முத்திரை வெச்சு இருக்கு, முத்திரை கலையல. இன்னொண்ணு..."

அவர் முடிக்குமுன் மகள் கையை நீட்டினார். "இன்னொண்ணு இவன் இடுப்புல."

வாசலோரம் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தின் காவலாளி. அதற்கு முன்பு, மாஸ்டரின் கச்சேரி வண்டியை ஓட்டி, வாத்தியப் பெட்டிகளைச் சுமந்தவர். அன்று காலையிலேயே அவருடைய சட்டைப் பையை உதறிப் பார்த்திருந்தார்கள். கொல்லைப்புற அறையில் இருந்த அவருடைய தலையணையைக்கூடக் கிழித்திருந்தார்கள். ஒரு சின்னப் பஞ்சுத் துணுக்கு இன்னும் அவர் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"இவன் வேலை ஒப்பந்தம் முடிய நாலு மாசம்தான் இருக்கு," என்றார் மகள். "போறப்ப ஒரு ஞாபகச் சின்னம் வேணும்னு சுருட்டிட்டான். எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளந்த உடம்பு!"

காவலாளி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாஸ்," என்று தாளம் முணுமுணுத்தான், "இந்த அம்மா பேசினா பூதக்கண்ணாடி தானா விரிசல் விடும்போல இருக்கு."

"வாயைக் கழுவு. கண்ணைத் திற," என்றார் வக்கீலம்மா.

*

வாசல் மேசையில் சாவிப் பதிவேடு இருந்தது. அதன் முதுகில் ஒரு நூல்; நூலின் முனையில் ஒரு பென்சில். எந்தப் பெட்டியை எத்தனை மணிக்கு யாருக்காகத் திறந்தார்கள் என்பதை அதில் எழுதியாக வேண்டும். கூடத்துக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை. ஒரு சொட்டு மை சிந்தினாலும் போதும், நூறாண்டுப் பொருள் பாழாகிவிடும். ஆகவே எல்லா அருங்காட்சியகங்களையும் போல இங்கேயும் பென்சில்தான்.

வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டினார். பதினெட்டு வருடக் கையெழுத்து. ஒரு நாள், ஒரு வரி விடுபடவில்லை. 'ஒளிவிளக்கு மாற்ற.' 'எறும்பு பார்க்க.' 'காப்பாட்சியர் ஐயா, காரணம் சொல்லவில்லை.'

"எறும்புக்குக்கூட வருகைப் பதிவு இருக்கு," என்றான் தாளம். பிறகு பென்சிலைத் தூக்கிப் பார்த்தான். அதன் மறுமுனை நாய் கடித்த எலும்புபோல இருந்தது. "ஐயா, இங்க டிபன் வசதி கிடையாதா? பாதிப் பென்சிலைக் காணோமே?"

"பழக்கம் தம்பி," என்றார் காவலாளி. அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். "வாய்க்கு ஏதாவது வேணும்."

வக்கீலம்மா பென்சிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மரத்தில் இரண்டு பற்கள் பதிந்திருந்தன. அவற்றுக்கிடையே ஒரு நெல் அகலத்துக்கு இடைவெளி. இடப்பக்கப் பல்லின் ஓரம் சரிவாக உடைந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைக் கீழே விட்டார்.

பிறகு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தார். நேற்றைய தேதியில் எதுவும் இல்லை. எனினும், எழுதி அழித்த தழும்பு ஒன்று இருந்தது. இரண்டே எண்கள். நான்கு, பத்து.

"நேத்து நாலு பத்துக்கு யாருக்கோ பெட்டியைத் திறந்திருக்கீங்க."

"பதிவுல இல்லீங்களே."

"பதினெட்டு வருஷமா எறும்புக்கு எழுதினவர், நேத்து எழுத ஆரம்பிச்சுட்டு அழிச்சிருக்கீங்க. யாரு வேண்டாம்னு சொன்னது?"

"பதிவுல இல்லாதது நடக்கலீங்க," என்றார் காவலாளி. 

காப்பாட்சியர் பொறுமை இழந்தார். "வக்கீலம்மா, உங்களைப் பொருளைத் தேடக் கூப்பிட்டேன். இவருக்கு வக்காலத்து வாங்கக் கூப்பிடல. இன்னொரு விஷயமும் சொல்றேன். சாக்ஸபோன் கழுத்துல ஒரு தக்கைப் பட்டை இருக்கு. அறுதப் பழசு. தெரியாதவன் இழுத்தா பிய்ஞ்சு கையோட வந்திருக்கும். யாரோ பதமா திருகிக் கழட்டியிருக்காங்க. அந்த வாத்தியத்தைக் கையாளத் தெரிஞ்ச ஆள் இந்தக் கட்டடத்துல இவர் ஒருத்தர்தான்."

"இவர் ஒருத்தர்தானா?" என்று வக்கீலம்மா திருப்பிக் கேட்டார். "அந்த வாத்தியம் இருந்த வீட்டுல பிறந்து வளந்தவங்க வேற யாரும் இங்க இல்லையா?"

மகளின் முகத்தில் ரத்தம் ஏறியது. "எங்கப்பா சாமானை நானே திருடுவேனா? நாக்கை அடக்கிப் பேசுங்க. வாத்தியப் பெட்டியைப் பூட்டோட தூக்கிக் கொண்டாந்து தானமாக் குடுத்தவ நான். அப்பா போனதுக்கப்புறம் அதை நான் திறந்துகூடப் பாக்கல."

"அப்படியா," என்றார் வக்கீலம்மா. "ரொம்ப உபயோகமான தகவல். நன்றி."

*

சுவர் முழுவதும் படங்கள். மாஸ்டர் பதினாறு வயதில், மாஸ்டர் மேடையில், மாஸ்டர் கப்பல் தளத்தில். ஒவ்வொரு படத்திலும் அவர் உலகத்தையே விழுங்குவதுபோல வாய் திறந்து சிரித்தார். முன்பற்கள் இரண்டும் முத்துப்போல் சமமாக, இடைவெளி இல்லாமல் இருந்தன.

பிறகு ஒரு தூண். தூணுக்கு அப்பால் இன்னும் பதினைந்து படங்கள். அவற்றில் ஒன்றில்கூட உதடு பிரியவில்லை. பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'நாற்பத்தெட்டாவது வயதில் மாஸ்டர் மேடையைத் துறந்தார். அதன்பின் பேட்டி இல்லை, பேச்சு இல்லை. விளக்கணைத்த அறையில் ஒலிப்பதிவு மட்டுமே. உலகம் அவரை ஊமை மாஸ்டர் என்று அழைத்தது. அந்த மௌனத்திலிருந்துதான் ஜாஸின் ஆழமான குரல் பிறந்தது.'

"மேடையில ஏறல, பேசல, சிரிக்கல, விளக்கும் வேண்டாம்," என்று தாளம் விரல் விட்டு எண்ணினான். "பாஸ், என் பெரியப்பாவும் இப்படித்தான் ஆறு மாசம் யாரோடயும் பேசாம இருந்தாரு. நாங்க எல்லாம் சாமியாராயிட்டாருன்னு நெனச்சோம். கடைசியில பாத்தா..." அவன் நிறுத்தினான். கண்கள் விரிந்தன. "பல் செட்டு உடைஞ்சு போயிருந்தது."

வக்கீலம்மா அவனை வெகு நேரம் பார்த்தார். இம்முறை அது கண்டிக்கும் பார்வை அல்ல.

"அழைப்பிதழைக் கொண்டா."

அழைப்பிதழ் கெட்டி அட்டையில் அச்சாகியிருந்தது. கண்காட்சியைத் திறந்து வைப்பவர், மாஸ்டரின் இசைத்தட்டுகள் அனைத்தையும் சேகரித்து வைத்திருப்பவரும் அவருடைய இருபதாண்டு நண்பருமான ஒரு மருத்துவர்.

"பல் டாக்டர்!" என்றான் தாளம். "ஜாஸ் கண்காட்சியைத் திறக்கப் பல் டாக்டரா? ரிப்பனை வெட்டுவாரா, பிடுங்குவாரா?"

அந்த நேரத்தில் ஒலிபெருக்கிகளைச் சோதித்தார்கள். மாஸ்டரின் கடைசி இசைத்தட்டு கூடத்தை நிறைத்தது. தாழ்வாகத் தொடங்கிய சாக்ஸபோன், யாரையோ தேடுவதுபோலப் படியேறி, பாதியில் மனம் மாறி, எதிர்பாராத ஒரு மூலையில் திரும்பியது. அது அந்தக் கணத்திலேயே பிறந்த வாசிப்பு. எழுதி வைத்து வாசித்ததில்லை.

தாளத்தின் விரல்கள் தூணைத் தட்டத் தொடங்கின. உடனே நின்றன. அவன் வக்கீலம்மாவின் முழங்கையைத் தொட்டு, கண்ணால் வாசலைக் காட்டினான்.

காவலாளி மேசையருகே நின்றிருந்தார். இரு கைகளும் தொடையோரம் தொங்கின. விரல்கள் மட்டும் துணியின்மீது அசைந்தன.

"கூடச் சேர்ந்து தட்டறார். அதுக்கென்ன? நீயும்தான் தட்டறே," என்றார் வக்கீலம்மா தணிந்த குரலில்.

"இல்ல பாஸ். நான் தட்டினா சத்தம் வந்ததுக்கப்புறம் என் விரல் போகும். கேக்கறவன் விரல் எப்பவும் ஒரு நூல் பின்னாலதான். அவர் விரல் முன்னால போகுது. அது எழும்புது, அப்புறம்தான் ஸ்வரம் வருது. அதுவும் தாளம் இல்ல. ரெண்டு கையும் சாக்ஸபோன் பொத்தானுக்குப் போற போக்கு." அவன் குரலில் கேலி சுத்தமாக வற்றியிருந்தது. "கேட்டவன் விரல் இல்ல பாஸ் அது. வாசிச்சவன் விரல்."

*

நான்கரை மணிக்கு வக்கீலம்மா கூடத்தின் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே ஐந்து பேர் மட்டுமே இருந்தார்கள்.

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்று மகளிடம் கேட்டார். "உங்கப்பாவுக்கு நாப்பத்தெட்டு வயசுல முன்பல் எத்தனை போச்சு?"

மகள் வாய் திறக்குமுன் காவலாளி பாய்ந்து முன்னால் வந்தார்.

"நான்தாங்க எடுத்தேன்! வேற ஒண்ணும் கேக்காதீங்க. கடுதாசியக் குடுங்க, ஒப்புக்கிட்டு நானே கையெழுத்துப் போடறேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் மகள் வெற்றியோடு.

"எடுத்து எங்க வெச்சீங்க?" என்றார் வக்கீலம்மா.

"தூக்கிப் போட்டுட்டேன். ஆத்துல."

"ஐயா," என்றான் தாளம், "நேத்துக் காலைலேர்ந்து நீங்க இந்தக் கட்டடத்தை விட்டு வெளியில போகல. வாசல் ஏட்டுல இருக்கு. ஆறே உள்ள வந்து கையேந்தி வாங்கிட்டுப் போச்சா?"

வக்கீலம்மா காப்பாட்சியரிடம் திரும்பினார். "நேத்து மூணு மணிக்கு எடுத்த படங்களைக் காட்டுங்க. சாக்ஸபோன் படம் வேண்டாம். பக்கத்துப் பெட்டி."

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் மாஸ்டரின் சொந்த உடைமைகள் இருந்தன. ஒரு கைக்கடிகாரம், சீப்பு, மூக்குக் கண்ணாடி, அதன் கூடு. இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவி. படத்தில் கூடு திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடி அதற்குள் மடங்கிக் கிடந்தது. இப்போதோ கூடு மூடியிருந்தது. மூக்குக் கண்ணாடி வெளியே, வெல்வெட்டின்மீது கிடந்தது.

காப்பாட்சியர் தம் நெற்றியில் அறைந்துகொண்டார். "காலைலேர்ந்து பத்துத் தடவை இதைத் தாண்டிப் போனேனே!"

"காணாம போனதைத் தேடினீங்க. இருக்கறதைப் பாக்கல. திறங்க."

காவலாளியின் கையிலிருந்து சாவியை வாங்க வேண்டியிருந்தது. அவர் விரல்கள் அதை விட மறுத்தன. கூட்டைத் திறந்ததும் கறுப்பு மவுத்பீஸ் உருண்டு காப்பாட்சியரின் கையுறைக்குள் விழுந்தது.

"வெளியில போற எல்லாரையும் வாசல்ல சோதிப்பீங்க. தானம் குடுத்தவங்களுக்கும் விலக்கு இல்ல," என்றார் வக்கீலம்மா. "அதனால கொண்டு போகல. மூணு மாசம் கழிச்சுக் கண்காட்சி முடியும். தானப் பத்திரப்படி சாக்ஸபோன் உங்களுக்கு. சொந்த உடைமையெல்லாம் குடும்பத்துக்கு. இந்தக் கூட்டை நீங்களே கையெழுத்து வாங்கிக்கிட்டு இவங்க கையில மரியாதையாக் குடுத்திருப்பீங்க."

மகள் பின்வாங்கவில்லை. "ஆமா. நான்தான். எங்கப்பா பொருள், எடுத்தேன். உங்களுக்கென்ன?"

"உங்கப்பா பொருளா?" வக்கீலம்மா பதிவேட்டின் நூலை இழுத்துப் பென்சிலை நீட்டினார். "லென்ஸ் அங்க இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

காப்பாட்சியர்தான் பார்த்தார். பூதக்கண்ணாடியின் கீழ் மவுத்பீஸ்; அதனருகே பென்சில். இரண்டு குழி, இடையே ஒரு நெல் அகல இடைவெளி, இடப்பக்கத்தில் சரிவாக உடைந்த ஓரம். அங்கும் அதுவே, இங்கும் அதுவே. அவர் நிமிர்ந்து, சுவரில் முத்துப்பல் தெரியச் சிரிக்கும் மாஸ்டரைப் பார்த்தார். பிறகு காவலாளியைப் பார்த்தார்.

"பரிசு குடுத்தது அம்பது வயசுல. பல் போனது நாப்பத்தெட்டுல," என்றார் வக்கீலம்மா. "பல் செட்டு கட்டியிருந்தா அதோட தடம் ஒரே சீரா இருந்திருக்கும். அதைக் கட்டின நண்பர், அந்தப் பல் டாக்டர், இன்னும் கால் மணி நேரத்துல இந்த லென்ஸ் முன்னால வந்து நிக்கப் போறார். நேத்து இங்க வந்து லென்ஸைப் பாத்ததுமே இவங்க அதைக் கணக்குப் போட்டுட்டாங்க. சாவி வெச்சிருக்கறவர்கிட்ட திறக்கச் சொன்னாங்க, எழுதாதீங்கன்னும் சொன்னாங்க. அவர் வாயே திறக்க மாட்டார்னு இவங்களுக்குத் தெரியும். அதனால தைரியமா அவர் மேலயே பழியைப் போட்டாங்க."

காப்பாட்சியர் தாம் எழுதிய அட்டையைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அந்தப் பத்து வருஷமும்... அந்த இசைத்தட்டு எல்லாம்..."

"பல் செட்டு வெச்சு ஊதிப் பாத்தாருங்க," என்றார் காவலாளி, தரையிடம் சொல்வதுபோல. "உதட்டுல தையல் போட்ட எடம் பொறுக்கல. ரத்தம் வந்துடும். வண்டியில சும்மா நான் ஊதிக்கிட்டிருப்பேன், அவருக்குத் தெரியும். விளக்கை அணைச்சுட்டு நீ வாசின்னாரு. பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. பியானோக்காரருக்கும் ட்ரம்ஸ்காரருக்கும்தான் தெரியும். ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"பல் எப்படிப் போச்சுன்னும் சொல்லேன்!" மகளின் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. "சொல்லு! ஏன் அதை விட்டுட்டே? வண்டியோட பின்கதவை அறைஞ்சு சாத்தினது யாரு? எங்கப்பா குனிஞ்சு பெட்டியை எடுத்துக்கிட்டு இருந்தாரு. எனக்குப் பன்னெண்டு வயசு. நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. பல்லை உடைச்சவனும் இவன், அவர் எடத்துல உக்காந்தவனும் இவன். இப்ப பேரையும் தூக்கி இவனுக்கே குடுக்கணுமா?"

 

"கதவைச் சாத்தினது நான்தாங்க," என்றார் காவலாளி. "பாக்காம சாத்திட்டேன்."

"ஒரு கதவுக்குப் பத்து வருஷம் இருட்டுல உக்காந்து வாசிச்சிருக்கார்," என்றார் வக்கீலம்மா. "அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் இன்னொரு கதவுல நின்னிருக்கார். தண்டனை முடியலேன்னு நீங்க நெனச்சா அது உங்க கணக்கு. ஆனா, திருடன்கற பேர் அந்தத் தண்டனையில சேராது. நான் கோர்ட்ல இருபது வருஷம் நின்னவ. செய்யாத குத்தத்துக்கு ஒருத்தர் ஜீப்புல ஏற நான் விட மாட்டேன். உங்களுக்கு ரெண்டு வழி. அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, நேத்து விட்டுப்போன வரியை இந்த ஏட்டுல நீங்களே எழுதுங்க. இல்லேன்னா, லென்ஸ் அங்கயே இருக்கட்டும். டாக்டர் வரட்டும். பென்சிலை அவர் கையிலயே குடுத்துடறேன்."

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படும் ஓசை கேட்டது. பேச்சுக்குரல்கள் படியேறின.

"லென்ஸும் அட்டையும் இன்னிக்கு வேண்டாங்க," என்றார் காவலாளி காப்பாட்சியரிடம். "கழட்டிடுங்க. மாஸ்டர் பேர் கெட வேண்டாம்."

"இன்னிக்குக் கழட்டறேன்," என்றார் காப்பாட்சியர்.  அவர் குரல் உறுதியாக இருந்தது. "ஆனா, ஏட்டுல ஏறிட்டா ஏறினதுதான். அதுக்கு மாறா ஒரு அட்டையை நான் மறுபடி எழுத மாட்டேன்."

"உங்க விசுவாசம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல," என்றார் வக்கீலம்மா காவலாளியிடம். "பதினெட்டு வருஷத்துல நீங்க பண்ணின ஒரே தப்பு, நேத்து அந்த எண்ணை அழிச்சதுதான். இன்னொரு தடவை பண்ணாதீங்க."

மகள் கடிதத்தை நான்காகக் கிழித்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உள்ள மை கூடாதுங்கம்மா," என்றார் காவலாளி. பதிவேட்டைத் திருப்பி வைத்து, பென்சிலை நகர்த்தினார்.

கடித்துச் சிதைந்த அந்த முனையை மகள் வெறுப்போடு பார்த்தார். பிறகு இரண்டு விரல்களால் எடுத்தார். நேரம், திறந்தவர், திறக்கச் சொன்னவர், எடுத்த பொருள் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார். கடைசிக் கட்டத்துக்கு மேலே 'பொருள் யாருடையது' என்று அச்சிட்டிருந்தது. அங்கே கை நின்றது. வாசற்கதவை யாரோ தட்டினார்கள். பல் மருத்துவரின் கனத்த சிரிப்பு மரத்தைத் தாண்டி உள்ளே கேட்டது.

மகள் ஒரே ஒரு சொல்லை எழுதினார். காவலாளி. காகிதம் கிழியாத குறைதான்.

"போதுமா? திருப்திதானே?" பதிவேட்டை முகத்தில் எறிவதுபோலத் தள்ளினார்.

காவலாளி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியைப் படித்தார். கடைசிக் கட்டத்தில் அவர் பார்வை தங்கவில்லை. முதல் கட்டத்துக்குத் திரும்பியது.

"நேரம் தப்பு," என்றார். "நாலு இருபதுன்னு போட்டிருக்க. நாலு பத்து, பாப்பா."

முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் அந்தச் சொல்லால் மகளை அழைத்ததில்லை. மகளின் தாடை இறுகியது. அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவார் என்றுதான் வக்கீலம்மா நினைத்தார். தாளத்தின் கை, தடுப்பதற்காகப் பாதி தூரம் போய்விட்டது.

மகள் பென்சிலை மறுபடி எடுத்தார். இருபதை அடித்தார். பத்து என்று எழுதினார்.

காவலாளி அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை மீண்டும் ஒருமுறை படித்தார். பிழை இல்லை. பதிவேட்டை மூடி, பென்சிலை அதன் நூலில் தொங்கவிட்டு, தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.